வால்பாறையில் ஐந்து நாள், ஒரு டயோடு கால்

செப்டம்பர் 18, புதன்

பொள்ளாச்சியில் காலை ஆறரைக்கு நாலு இட்லியும் ஒரு வடையும் தின்றது தப்பு. ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு நட்டிருக்கிறார்கள். வயிறு கலங்கியவனுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. பதினொன்றுதான் ஆச்சா, இன்னும் இருபத்தொன்பதா என்று மனசு பாட்டுக்குக் கழித்துக்கொண்டே வரும். ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணை முழுசாகத் தெரிகிறது, வரையாடு நிற்கிறது என்று பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தேன்.

கூட வந்தவன் பிரபு, எம்.இ. இரண்டாம் வருடம். அவன் மாங்காய்க் கீற்று தின்றுகொண்டே வந்தான். இளமை.

போன காரியம் இதுதான்: தேயிலைத் தோட்டத்தில் மழைமானியும் ஓடையில் நீர்மட்டம் பார்க்கும் கருவியும் வைக்கப்போகிறோம். அவை சொல்லும் எண்கள் லோரா என்கிற, கொஞ்சம் மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ வழியாக எஸ்டேட் ஆபீசுக்கு வந்து சேர வேண்டும். அலைவரிசை 866 மெகாஹெர்ட்ஸ். 865 முதல் 868 வரை நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. எத்தனை ரிசீவர், எங்கெங்கே என்று முடிவு பண்ண, அனுப்புகிற பலத்தில் வழியில் எவ்வளவு தொலைந்துபோகிறது என்று தெரிந்தாக வேண்டும். இந்தத் தொழிலில் அதற்குப் பெயர் பாத் லாஸ்.

"ஹாட்டா ஃபார்முலால போட்டா வந்துடுமே சார், எதுக்கு அட்டைக்கடி வாங்கணும்?" என்றான் பிரபு. நியாயமான கேள்விதான். ஒகுமுரா என்ற ஜப்பானியர் குழுவாக டோக்கியோ சுற்றுவட்டாரத்தில் வண்டியோட்டி இந்த இழப்பை அளந்து 1968-இல் வளைகோடுகளாக வெளியிட்டார். ஹாட்டா அவற்றை 1980-இல் சூத்திரமாக்கினார். அந்தச் சூத்திரத்துக்கு அனுப்பும் ஆன்டெனா 30 மீட்டருக்குக் குறையக் கூடாது, தூரம் ஒரு கிலோமீட்டராவது இருக்க வேண்டும். எங்களிடம் இருப்பது 9 மீட்டர் அலுமினியக் கம்பம். அதுவும் மலைச்சரிவில். இந்த இடத்தில் உயரம் என்பதை எந்தத் தரையிலிருந்து எடுப்பது? இதைச் சொல்லி முடிப்பதற்குள் முப்பத்திரண்டாவது வளைவு வந்துவிட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதே வளைவில்தான் மேலே வைத்திருந்த பை வழுக்கி, கம்பக் கட்டின் மேல் விழுந்தது. டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவைக் கழற்றாமலே பையில் போட்டிருந்தேன், சோம்பேறித்தனம். கழுத்து முறிந்துவிட்டது. பரவாயில்லை, ஆன்லைனில் வாங்கின மாற்று ஒன்று இருந்தது. 868 என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது. இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓணம் லீவு முடிந்தும் முடியாத வாரம். கேரளா வண்டிகளாக நிற்கின்றன. லாட்ஜில் இரண்டு கட்டில் அறைக்கு 2,200 ரூபாய், வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும். ராத்திரி பரோட்டா ஒன்று 15 ரூபாய். சால்னா கேட்கக் கேட்க ஊற்றினார்கள். குளிரில் அந்தச் சூட்டுக்கே காசு கொடுக்கலாம்.

செப்டம்பர் 19, வியாழன்

எஸ்டேட் சூப்பர்வைசர் அண்ணன் ஏழு மணிக்கே பைக்கில் வந்து நின்றார். போனதும் முதல் வேலையாக ஒரு சிட்டிகை மூக்குப்பொடியைத் தண்ணீரில் குழைத்து எங்கள் சாக்ஸில் தடவச் சொன்னார். அட்டைக்கு. பிரபு வெட்கப்பட்டுக்கொண்டு வேண்டாம் என்றான். மத்தியானத்துக்குள் ஏழு கடி.

தண்ணீர் டேங்கின் பக்கத்தில் கம்பத்தை நட்டு, மூன்று பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி, உச்சியில் டிரான்ஸ்மிட்டர். கையில் ரிசீவர், ஒன்றரை மீட்டர் உயரக் குச்சியில். தேயிலைப் பாத்திகளுக்கு நடுவே ஐம்பது மீட்டருக்கு ஒரு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பதினாலு மீட்டர் மெதுவாக நடந்து, ஒரு ஐம்பது அளவு எடுத்து, சராசரி.

ஏன் பதினாலு? 866 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் கிட்டத்தட்ட 35 சென்டிமீட்டர், முக்கால் முழம். நேராக வரும் அலையும் மரத்தில், மண்ணில், பாறையில் பட்டுத் திரும்பும் அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓரிடத்தில் கூடும், ஒரு சாண்கூட நகர வேண்டாம், அடுத்த இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். முதல் நிறுத்தத்திலேயே பிரபுவிடம் காட்டினேன். குச்சியை நாலு விரல்கடை இடப்பக்கம் தள்ளினான், திரையில் எண் 14 டெசிபல் இறங்கியது (டெசிபல் என்பது பலத்தை ஒப்பிடும் அளவு, பத்து இறங்கினால் பலம் பத்தில் ஒரு பங்கு). மறுபடி நாலு விரல்கடை, ஏறிவிட்டது. நின்ற இடத்தில் எடுத்த ஒற்றை எண்ணை நம்பி எழுதினால் அது அந்த இடத்தின் கணக்கல்ல, அந்த நாலு விரல்கடையின் கணக்கு. நாற்பது அலைநீளம் நடந்து சராசரி எடு என்று லீ என்பவர் 1985-இல் கணக்கோடு எழுதிவைத்தார். நாற்பது முக்கால் முழம், பதினாலு மீட்டர்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது நல்ல வேடிக்கை. வயசான அம்மா ஒருவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னத்த தம்பி தொலைச்சீக? போன பாதையிலேயே திரும்பத் திரும்ப வாறீகளே."

சிக்னல் அளக்கிறோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இப்ப அளந்து என்னத்துக்கு? மரம் கழிக்கட்டும். கழிச்சா எங்க லைன் வீட்டுக்கே டவர் வருமே" என்றார். மழைக்கு முன்னால், தேயிலைக்கு வெளிச்சம் விழ, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் கிளைகளைக் கழிப்பார்கள். இந்தப் பக்கத்தில் மட்டும் இந்த வருடம் கழிக்கவில்லையாம், ஆள் பற்றாக்குறை. பாட்டனார் காலத்தில் சிவகங்கைப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம் அவருடையது. இப்போது பக்கத்து வரிசையில் பறிக்கிறவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். அவர்களும் அவரை "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அவர் சொன்னதை நோட்டில் எழுதினேன், சரி. எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மத்தியானம் மஸ்டர் (வேலையாட்கள் கூடிப் பேர் கொடுக்கும் இடம்) ஓரமாக உட்கார்ந்து, பார்சல் கட்டிவந்த தக்காளி சாதம். சாரல் விழுந்துகொண்டே இருந்ததில் சாதம் ரசம் சாதமானது. சூப்பர்வைசர் அண்ணன் தன் டப்பாவிலிருந்து நெத்திலிக் கருவாட்டு வறுவல் இரண்டு கரண்டி எங்கள் இலையில் போட்டார். வேண்டும், வேண்டாம் என்று கேட்கவேயில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்தது.

ராத்திரி லாட்ஜில் 24 புள்ளிகளையும் வரைந்து கோடு போட்டோம். கணக்கு எளிது: தூரத்தின் மடக்கையைப் பத்தாலும் ஒரு அடுக்கெண்ணாலும் பெருக்கினால் இழப்பு எவ்வளவு ஏறும் என்று வரும். வெட்டவெளியில் அந்த அடுக்கெண் 2. தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் போகும். ஒரு மீட்டரில் இழப்பு 31.2 டெசிபல் என்று வெட்டவெளிச் சூத்திரத்திலிருந்து எடுத்துக் கோட்டின் தொடக்கத்தை அங்கே ஆணியடித்துவிட்டேன். அடுக்கெண் 3.7 வந்தது. காடு, தோட்டம் என்றால் மூன்றிலிருந்து நாலுக்குள் என்று படித்துப் பழகின கண்ணுக்கு அது அவ்வளவு லட்சணமாகத் தெரிந்தது. பிரபுவுக்குப் பாயசம் வாங்கிக் கொடுத்தேன், கிண்ணம் 30 ரூபாய்.

செப்டம்பர் 20, வெள்ளி

காலையிலிருந்து நல்ல மழை. ரிசீவரின் சார்ஜர் ஒயர் ஈரத்தில் செத்துவிட்டது. மார்க்கெட் பக்கம் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. ஒரு ஆள் உட்காரும் அகலம், ஒரு பூதக்கண்ணாடி விளக்கு. பையன் ஒயரைத் தேடும்போது நான் கையிலிருந்த டிரான்ஸ்மிட்டரைக் கண்ணாடி மேஜையில் வைத்தேன். ஆன்டெனாவைக் கழற்றித்தான் வைத்திருந்தேன், புதன்கிழமை பாடம்.

அவன் ஆன்டெனாவை எடுத்து விளக்குக்கு அடியில் திருப்பினான்.

"அண்ணா, இதுல ஊசியே இல்லைங்களே."

"இருக்காது, அந்தப் பக்கம் இருக்கும்."

டிரான்ஸ்மிட்டரின் வாயையும் பார்த்தான். "இதுலயும் ஓட்டைதானுங்க. ஓட்டைக்குள்ள ஓட்டை எப்படிங்க சேரும்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. எஸ்எம்ஏ என்று ஒரு இணைப்பு, ரிவர்ஸ் எஸ்எம்ஏ என்று இன்னொன்று. மரை இரண்டிலும் ஒன்றுதான், அச்சாக மாட்டும், கைக்கு இறுகும். நடுவில் ஊசி எந்தப் பக்கம் என்பதில்தான் வித்தியாசம். வைஃபை பெட்டிகளுக்கு வருவது ரிவர்ஸ். நான் மாட்டியிருந்த மாற்று ஆன்டெனா ரிவர்ஸ், எங்கள் போர்டு சாதா. நேற்று முழுக்க ஊசியே தொடாத ஆன்டெனாவில் அனுப்பியிருக்கிறோம். சுத்தமாகச் செத்திருந்தால் அப்போதே கண்டுபிடித்திருப்பேன். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு உலோகத் துண்டுகள் வழியாகக் கொஞ்சம் கசிந்துகொண்டுதான் இருந்தது. லோராவின் காது கூர்மை, அந்தக் கசிவையும் 1.2 கிலோமீட்டர் வரை கேட்டுவிட்டது.

பையன் ஒரு பழைய சார்ஜர் போர்டிலிருந்து கறுப்பு டயோடு ஒன்றைப் பிடுங்கினான். அதன் காலை நறுக்கி, ஆன்டெனாவின் ஓட்டையில் செருகி, சொட்டு ஈயம் வைத்து, மூன்று மில்லிமீட்டர் வெளியே நிற்கும்படி கட்டிங் பிளேயரால் வெட்டி, நுனியை உப்புத்தாளில் தேய்த்தான். மாட்டிப் பார்த்தேன், இறுகியது. வேலை மொத்தம் பத்து நிமிடம். ஒயருக்கு 120 வாங்கினான், இதற்கு வாங்கவில்லை. "அதுக்கு என்னங்ணா, செத்த டயோடுதான்."

மழை விட்டதும் ஊருக்கு வெளியே ஒரு திறந்த மைதானம். இருபது மீட்டரில் சூத்திரப்படி வரவேண்டியது மைனஸ் 33 டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட்டுக்கு 33 டெசிபல் கீழே. டயோடு காலோடு வந்தது மைனஸ் 34. ஊசியில்லாத பழைய கோலத்தில் இன்னொரு ஆன்டெனாவைப் பிடித்துப் பார்த்தோம்: மைனஸ் 57. வழியில் மரம் இல்லை, மலை இல்லை, புல்தரை. ஆன்டெனா மூட்டிலேயே 24 டெசிபல் போயிருக்கிறது. அதாவது அனுப்பிய பலத்தில் 250-இல் ஒரு பங்குதான் வெளியே வந்திருக்கிறது, அந்தப் பாவத்தைத் தூக்கி சில்வர் ஓக்கின் தலையில் போட்டிருக்கிறேன்.

பிரபு ஒரு யோசனை சொன்னான்: எல்லாப் புள்ளியிலும் 24-ஐக் கழித்துவிடலாமே சார். ஆன்டெனாவைக் கால் திருகு திருகிக் காட்டினேன், எண் ஐந்தாறு டெசிபல் ஆடியது. நேற்று காற்றில் கம்பம் ஆடியபோது எத்தனை திருகு திரும்பியதோ யாருக்குத் தெரியும்? 24 புள்ளியும் குப்பை.

என்னை உறுத்துவது தவறு நடந்தது அல்ல. 3.7 என்ற எண் அவ்வளவு யோக்கியமாக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான். கோட்டின் தொடக்கத்தைச் சூத்திரத்திலிருந்து எடுக்காமல், மைதானத்தில் இருபது மீட்டரில் நின்று ஒரு தடவை அளந்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். மாணவர்களுக்கு ஒவ்வொரு செமஸ்டரும் இதைத்தான் சொல்கிறேன், குரலை உயர்த்தி வேறு.

மூன்று மணிக்குமேல் மறுபடி தோட்டம். அதே பாத்தி, அதே நடை. மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் தட்டு 90 ரூபாய், ராத்திரி ஒன்பது மணிக்கு. யாரும் பாயசம் கேட்கவில்லை.

செப்டம்பர் 21, சனி

மிச்சப் புள்ளிகளை முடித்துவிட்டு பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவுக்குப் போவதாகத் திட்டம். வழியில் எஸ்டேட் முக்கில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம். செல்போனிலிருந்தே ஏற்றும் விளக்கு அது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்கள் வனத்துறையோடு சேர்ந்து வைத்தது. அந்த வேலைக்காக அவர்களில் ஒருவரான ஆனந்தகுமாருக்கு 2015-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. ரேடியோ படித்தவன் வெட்கப்பட வேண்டிய எளிமை: செல்போன், ஒரு விளக்கு, எல்லார் கண்ணிலும் படுகிற இடம். நாங்கள் டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். கட்டன் சாயா 12, பழம்பொரி 15. யானைக்கு அவசரமில்லை. டீக்கடைக்காரருக்கும் இல்லை. முதல் டீக்குப் பிறகு அவராகவே உள்ளே அழைத்து அடுப்புப் பக்கம் ஸ்டூல் போட்டார்.

காத்திருந்ததில் ஒரு லாபம். காலை எட்டு மணிக்கு, இலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தபோது எடுத்த ஒரு நிறுத்தத்தை, வெயில் வந்து காய்ந்த பிறகு பதினொன்றரைக்கு மறுபடி நடந்தேன். சிக்னல் ஐந்து டெசிபல் கூடியிருந்தது. மழைத்துளி இந்த அலைவரிசையை ஒன்றும் செய்யாது, அது பத்து கிகாஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பவர்களின் கவலை. இலைமேல் நிற்கும் தண்ணீர்தான் தின்கிறது. மரக்கூட்டத்துக்கு வைஸ்பெர்கர் என்பவரின் சூத்திரம் ஒன்று உண்டு. நூறு மீட்டர் அடர்ந்த மரத்துக்கு இந்த அலைவரிசையில் 19 டெசிபல் என்று சொல்லும். ஆனால் அது காய்ந்த இலைக்கு. வால்பாறையில் காய்ந்த இலையை எங்கே போய்த் தேடுவது? எங்கள் நூறு மீட்டர் ஓக் வரிசையில் ஈரத்தில் 16, காய்ந்து 11. வரிசைகளுக்கு இடையில் தேயிலைக்காக விட்ட இடைவெளி இருக்கிறதே.

கழித்த பக்கத்தையும் போய் அளந்தோம். அந்த அம்மா சொன்னது நேற்று ராத்திரிதான் உறைத்தது. அதே நூறு மீட்டர், கிளை கழித்த மரங்கள், 4 டெசிபல். அவர் லைனுக்கு டவர் வருவதும் போவதும் இந்த ஏழு டெசிபலில்தான் இருக்கிறது.

எதிர்ச்சரிவு 3 கிலோமீட்டர். நடுவில் ஒன்றுமே இல்லை, பள்ளத்தாக்கு. கண்ணுக்குக் கம்பம் தெரிகிறது, ஆனாலும் சூத்திரத்தைவிட ஆறு டெசிபல் குறைவு. பிரபு வரைபடத்தைப் பார்த்துச் சொன்னான்: கம்பத்துக்கு முன்னால் ஒரு மேடு, பார்வைக்கோட்டை உரசிக்கொண்டு நிற்கிறது. ரேடியோவுக்கு வழி என்பது நூல் மாதிரி ஒரு கோடல்ல, நடுவில் பருத்த கத்தரிக்காய் மாதிரி. 3 கிலோமீட்டருக்கு நடுவயிற்றில் ஆரம் 16 மீட்டர். மேட்டின் விளிம்பு பார்வைக்கோட்டைத் தொட்டாலே ஆறு டெசிபல் போகும் என்று பாடப்புத்தகமே சொல்கிறது. பாடப்புத்தகம் இந்தப் பயணத்தில் ஜெயித்த ஒரே இடம். கண்டுபிடித்தவன் பிரபு, ஒப்புக்கொள்கிறேன்.

ராத்திரிக் கணக்கில் அடுக்கெண் 2.8. கோட்டுக்கு மேலும் கீழும் புள்ளிகள் எட்டு டெசிபலை ஒட்டிச் சிதறியிருந்தன. பேட்டரி மிச்சமாகும் வேகத்தில் அனுப்பி, 20 டெசிபல் கைவசம் வைத்துக்கொண்டால், 3.7-இல் ஒரு ரிசீவர் 390 மீட்டருக்குத்தான் எட்டும். 2.8-இல் 2.6 கிலோமீட்டர். டயோடு கால் கிடைக்காமல் போயிருந்தால் எஸ்டேட் ஆபீசில் டஜன் கணக்கில் ரிசீவர் கேட்டிருப்பேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலை பஸ். இந்த முறை வெறும் வயிறு, முன் சீட்டு. ஆன்டெனா சட்டைப்பையில்.

அட்டகட்டி தாண்டினபோது பிரபு கேட்டான்: கம்பத்தை இழுத்துக் கட்டின நைலான் கயிறு எங்கே சார்? மூன்று கயிறும் டேங்கின் கம்பியிலேயே கிடக்கின்றன. பாதையின் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒன்று, யாராவது கூடையோடு தடுக்கி விழுவார்கள். சூப்பர்வைசர் அண்ணனுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஞாயிற்றுக்கிழமை, லைன் வீட்டில் இருப்பார். மெசேஜ் அனுப்பினேன், ஒரு டிக்.

ஆழியாறில் இறங்கும்போதும் ஒரு டிக். பொள்ளாச்சியில் சாப்பிடும்போதும் ஒன்றுதான். கோயம்புத்தூர் வந்து, ஈரத் துணியெல்லாம் காயப்போட்டு, பிரபுவின் கடிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் டேங்க் மேட்டுக்கு ஏறி மெசேஜ் பார்ப்பது வழக்கம், பறித்துக்கொண்டிருந்த அந்த அம்மாதான் சொல்லியிருந்தார்.

ராத்திரி எட்டேகாலுக்கு இரண்டாவது டிக் விழுந்தது. ஒரு நிமிடம் கழித்துப் பதில்: "பாத்துட்டேன் தம்பி. கயித்துலதான் இடிச்சு நிக்கேன்."